கோச் உள்ள போயாச்சு, தலைவரை என்ன பண்றது?

கேள்வி:

மேடம், எங்க ஊர்ல ஒரு வாலிபால் சங்கம், முறையா ரெஜிஸ்டர் பண்ணது. எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற பசங்க காலையும் சாயங்காலமும் வருவாங்க, மே மாச லீவுல தங்கி விளையாடுற கேம்ப்பும் உண்டு. நான் இணைச் செயலாளர், சின்ன வயசுல அதே கிரவுண்டுல ஆடினவன். போன கேம்ப்ல ஒரு பையன்கிட்ட தப்பா நடந்துகிட்டதா அவங்க வீட்ல கம்ப்ளெய்ண்ட் குடுத்து எங்க கோச்சை போக்சோவுல அரெஸ்ட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம்தான் தெரியுது, ரெண்டு வருஷம் முன்னாடியே வேற ஒரு பையனோட அம்மா எங்க தலைவரை நேர்ல பாத்து அழுதிருக்காங்க. அவர் கோச்சை கூப்பிட்டு சத்தம் போட்டுட்டு சாயங்கால பேட்ச்ல இருந்து காலை பேட்ச்சுக்கு மாத்தி விட்டிருக்கார், அவ்வளவுதான். அந்தம்மா பையனை நிறுத்திட்டாங்க. அப்ப கிரவுண்டு பாத்துக்குறவர் என்கிட்ட ஏதோ பிரச்சனை போலன்னு சொன்னார், நான் காதுல வாங்கிக்கல. இதையெல்லாம் தலைவரே கமிட்டியில ஒத்துக்கிட்டார். அவருக்கு 70 வயசு, இடம் வாங்கினது லைட் போட்டது எல்லாம் அவர்தான், எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைச்சதே அவர் அலைஞ்சதாலதான். கமிட்டியில "கோச் உள்ள போயாச்சு, மத்ததை கோர்ட் பாத்துக்கும், ஐயா பேரை இழுக்காதீங்க"ங்கறாங்க. அடுத்த மாசம் பொதுக்குழு, அதுலயே அவருக்கு பாராட்டு விழா. அவரை ராஜினாமா பண்ண சொல்லலாமா, சொன்னா துரோகம் ஆகுமா?

பதில்:

வணக்கங்க. நான் போக்சோ கேஸ்கள்ல பாதிக்கப்பட்ட பிள்ளைங்க பக்கம் நிக்கிற வக்கீல், அதனால பதில் அந்தப் பக்கத்துல இருந்துதான் வரும், முன்னாடியே சொல்லிடறேன்.

நீங்க ராஜினாமாவுல இருந்து ஆரம்பிக்கிறீங்க. நான் அதுக்கு ஒரு படி முன்னாடி போறேன், ஏன்னா உங்க லெட்டர்ல எனக்கு தூக்கிவாரிப் போட்டது தலைவர் விஷயம் இல்லங்க. அவர் கமிட்டியில ஒத்துக்கிட்டார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த இடம். அதாவது ரெண்டாவதா ஒரு பையன் இருக்கான், அவனுக்கும் ஏதோ நடந்திருக்குன்னு இன்னிக்கு தேதியில தலைவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ரூம்ல உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும். யாராவது போய் போலீஸ்ல சொன்னீங்களா? லெட்டர்ல அது இல்ல, அதனால இல்லன்னுதான் எடுத்துக்கறேன்.

போக்சோ சட்டம் 2012, பிரிவு 19. ஒரு குழந்தைக்கு எதிரா குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சாலோ, நடக்கப்போகுதுன்னு சந்தேகம் வந்தாலோ யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும். டீச்சர் டாக்டர்னு தனியா இல்ல, யாரா இருந்தாலும். சொல்லாம விட்டா பிரிவு 21ல ஆறு மாசம் வரை ஜெயில் இல்ல அபராதம், ரெண்டும் கூட போடலாம். அதுவே ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்புல இருக்குறவர், தனக்குக் கீழ வேலை பாக்குறவன் செஞ்சதை மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே அபராதம். நிறுவனம்னா பெரிய கம்பெனியா இருக்கணும்னு இல்ல, என்ன பேர்ல இருந்தாலும் சரின்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, உங்க வாலிபால் சங்கமும் அதுல வந்துடும். பையன்தானே, பொண்ணா இருந்தா வேற விஷயம்னு யாராவது முனகினா அதையும் அங்கயே நிறுத்துங்க, 18 வயசுக்குக் கீழ ஆணோ பொண்ணோ இந்தச் சட்டத்துக்கு ஒண்ணுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி உங்க காதுல விழுந்த "ஏதோ பிரச்சனை போல" இருக்கே, அதை வெச்சு உங்களை யாரும் உள்ள தள்ள மாட்டாங்க, அது தெரிஞ்சதுன்னு சொல்ற அளவுக்கு இல்ல, என்ன ஏதுன்னு கேட்டிருக்கலாம்ங்கறது உங்க மனசாட்சி கணக்கு. ஆனா கமிட்டி மீட்டிங்ல கேட்டது அப்படி இல்ல. அவர் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா சொன்னதைக் கேட்டுட்டு வெளிய சொல்லாம வெச்சிருந்தார். நீங்க எத்தனை பேர் இருந்தீங்களோ அத்தனை பேரும் இப்ப அதே இடத்துலதான் உக்காந்திருக்கீங்க. அவரை மட்டும் ராஜினாமா பண்ண சொல்லிட்டு இதை அமுக்கினா அது கணக்கு தீர்க்கிறது இல்லங்க, கணக்கை அவர் தலையில எழுதிட்டு கைகழுவுறது.

அதனால பொதுக்குழுவுக்கெல்லாம் காத்திருக்காதீங்க. இந்த வாரமே அந்த கேஸை விசாரிக்கிற ஆபீசர்கிட்ட போய், கமிட்டியில என்ன பேசினாங்க, யார் சொன்னது, கிரவுண்டுக்காரர் அப்ப உங்ககிட்ட சொன்னது வரைக்கும் எழுதிக் குடுத்துட்டு ரசீது வாங்குங்க. நல்லெண்ணத்தோட தகவல் குடுத்தவங்க மேல சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராதுன்னு அதே பிரிவு 19ல இருக்கு. அந்தம்மாவுக்கு விருப்பம் இல்லன்னா என்னன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, எனக்கே இதுல சங்கடம் உண்டு, ஏன்னா சில குடும்பம் நிஜமாவே இதையெல்லாம் மறந்துட்டு நகரணும்னு நினைக்கும். ஆனா சட்டம் அவங்க சம்மதத்தைக் கேக்கல, உங்க கடமை அப்படியே இருக்கு. நீங்க செய்யக்கூடாதது என்னன்னா, அவங்க வீட்டுக்குப் போய் கம்ப்ளெய்ண்ட் குடுங்கன்னோ குடுக்காதீங்கன்னோ பேசறது, அந்தப் பையனை உக்கார வெச்சு என்ன நடந்துச்சுன்னு விசாரிக்கிறது. அதுக்கு ஆள் இருக்காங்க. வாக்குமூலத்தை முடிஞ்ச வரைக்கும் ஒரு பெண் எஸ்.ஐ. வாங்கணும், யூனிஃபார்ம் போடக்கூடாது, பையன் வீட்லயோ அவன் சொல்ற இடத்துலயோ வாங்கலாம். போலீஸ் 24 மணி நேரத்துல குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லணும், கேஸ் முடியற வரைக்கும் கூட இருக்க ஒரு ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். இதெல்லாம் இருக்குன்னே நிறைய குடும்பத்துக்குத் தெரியறதில்ல, பயமே பாதி அதுலதான். ஸ்டேஷன் போக தயக்கமா இருந்தா 1098க்கு போன் பண்ணியும் ஆரம்பிக்கலாம்.

ரெண்டு வருஷம் ஆயிடுச்சே, தலைவர் மேல இப்ப கேஸ் நிக்குமான்னு உங்க கமிட்டியில எவராவது ஒரு வக்கீலைக் கேட்டிருப்பாங்க. ஒரு வருஷ தண்டனைக்கான குற்றத்தை கோர்ட் கையில எடுக்க காலக்கெடு இருக்கறது நிஜம், அது ஒவ்வொரு நாளும் தொடர்ற குற்றம்தானேன்னு எதிர்ப்பக்கம் வாதாடறதும் நிஜம். அது எங்களுக்கான சண்டை, அதை ஒரு சாக்கா வெச்சு நீங்க சும்மா இருக்காதீங்க. மகாராஷ்டிரா சந்திரபூர் மாவட்டத்துல ஒரு ஹாஸ்டல் பிள்ளைங்க கேஸ்ல, பிள்ளைங்களுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் தெரிஞ்சும் சொல்லலங்கறதுதான் குற்றச்சாட்டு. ஐகோர்ட் அவர் மேல இருந்த கேஸை ரத்து பண்ணிருச்சு, சுப்ரீம் கோர்ட் 2022 நவம்பர்ல அதைத் திரும்ப உயிர்ப்பிச்சது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கறது சாதாரண விஷயம் இல்ல, குற்றவாளியைக் காப்பாத்தற முயற்சியா ஆயிடுதுன்னு அதுல சொன்னாங்க. நம்ம பக்கத்துலயே 2024 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு ஸ்கூல்ல போலியா என்.சி.சி. கேம்ப் நடத்தினாங்களே, அதுல கேம்ப் நடத்தின ஆளோட சேத்து, தெரிஞ்சும் மறைச்சாங்கன்னு ஸ்கூல் பொறுப்புல இருந்தவங்களையும் போலீஸ் கைது பண்ணுச்சு. கோச் உள்ள போயாச்சுன்னா முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.

இப்ப அந்த பேட்ச் மாத்தின விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இதுதான். தலைவர் ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல முடியாதுங்க, அவர் பண்ணினார், அந்தப் பையன் வர்ற நேரத்துல இருந்து கோச்சை எடுத்தார், ஆனா வேற பசங்க வர்ற நேரத்துல கொண்டு போய் விட்டார். அந்தம்மா சொன்னதை அவர் நம்பினாருன்னுதானே அர்த்தம்? நம்பலன்னா எதுக்கு மாத்தணும்? நம்பிட்டு காலை பேட்ச் பசங்களை எந்தத் தைரியத்துல ஒப்படைச்சார்? அவரை நேர்ல பாத்தா நான் கேக்கறது இந்த ஒண்ணைத்தான்.

இது உங்க ஊர்ல மட்டும் நடந்த கதை இல்ல. இங்கிலாந்துல ஜான் ஸ்மைத்னு ஒரு பெரிய பாரிஸ்டர், பணக்கார ஸ்கூல் பசங்களுக்கு ஐவர்ன்ங்கற ஊர் பேர்ல நடந்த கிறிஸ்தவ கேம்ப்கள்ல முக்கியமான ஆள், அந்த டிரஸ்டுக்கு சேர்மனா இருந்தவர். கேம்ப்ல பழகின பசங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் தோட்டத்து ஷெட்ல வெச்சு ரத்தம் வர பிரம்பால அடிச்சிருக்கார். 1982லயே ஒரு பாதிரியார் இதையெல்லாம் விசாரிச்சு ரிப்போர்ட்டே எழுதிட்டார், அது நாலு பெரிய மனுஷங்க கையில சுத்துச்சு, போலீசுக்கு மட்டும் போகல. ஸ்மைத்தை ஊரை விட்டு ஒதுங்க வெச்சாங்க, 1984ல அவர் ஜிம்பாப்வே போனார், போய் அங்கயும் பசங்களுக்கு கேம்ப் ஆரம்பிச்சார், அங்கயும் அடி, 1992ல அவர் நடத்தின கேம்ப்ல 16 வயசுப் பையன் ஒருத்தன் நீச்சல் குளத்துல செத்துக் கிடந்தான். இங்கிலாந்துல இருந்தவங்களுக்கு தங்களோட பேட்ச்ல பிரச்சனை தீர்ந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்மைத் எந்தக் கோர்ட்லயும் தண்டனை வாங்காமயே 2018ல கேப்டவுன்ல செத்துப் போனார். அப்புறம் 2024 நவம்பர் 7ல இங்கிலாந்து சர்ச் நியமிச்ச விசாரணை அறிக்கை வந்தது, பாதிக்கப்பட்ட பசங்க 130 பேர் வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுச்சு. சர்ச்சோட தலைமை ஆயர், காண்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பிக்கு 2013லயே விஷயம் போயிருந்தது. போலீஸ்ல சொல்லியாச்சுன்னு சொன்னாங்க, சரியா நடவடிக்கை எடுப்பாங்கன்னு நம்பிட்டேன்னார் அவர். அவர் யாரையும் அடிக்கல, 82ல அவர் ஒரு பதவியிலயும் இல்ல. முதல்ல விலக மாட்டேன்னுதான் சொன்னார், ஆனா அறிக்கை வந்த அஞ்சாவது நாள் விலகறதா அறிவிக்க வேண்டி வந்துச்சு, ஏன்னா தெரிஞ்ச பிறகு அந்த விஷயத்தைக் கடைசி வரைக்கும் விடாம துரத்தியிருக்க வேண்டிய இடத்துல உக்காந்திருந்தவர் அவர்தான்.

சரி, ஐயாவோட சேவை. நிலம், லைட்டு, உங்க வேலை. இதை நான் லேசா எடுத்துக்கல. அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியில ஜோ பட்டர்னோன்னு ஒரு ஃபுட்பால் கோச், 1966ல இருந்து தலைமை கோச், 409 மேட்ச் ஜெயிச்சவர், கேம்பஸ்ல சிலையே வெச்சிருந்தாங்க. அவர்கிட்ட அசிஸ்டென்டா இருந்து ரிட்டயர் ஆன ஜெர்ரி சாண்டஸ்கி, ஏழைப் பசங்களுக்காக செகண்ட் மைல்னு ஒரு அமைப்பை 1977ல ஆரம்பிச்சு, அதுல வந்த பசங்களையே சீரழிச்சார். 2001ல ஒரு ஜூனியர் கோச் அதைக் கண்ணால பாத்துட்டு மறுநாளே பட்டர்னோகிட்ட போய் சொன்னார். பட்டர்னோ தனக்கு மேல இருந்தவங்ககிட்ட சொன்னார். மேல இருந்தவங்க, பசங்களை இங்க கூட்டிட்டு வராதன்னு சாண்டஸ்கிகிட்ட சொன்னாங்க, செகண்ட் மைலுக்கும் ஒரு வார்த்தை சொன்னாங்க. போலீசுக்கு யாரும் சொல்லல. பத்து வருஷம் கழிச்சு, 2011 நவம்பர்லதான் சாண்டஸ்கி அரெஸ்ட். அந்த யுனிவர்சிட்டி தலைவரும் ரெண்டு பெரிய அதிகாரிகளும் பின்னாடி குழந்தைகளை ஆபத்துல விட்டதுக்காக தண்டனை வாங்கினாங்க. பட்டர்னோ மேல கேஸே போடல, இருந்தாலும் சாண்டஸ்கி அரெஸ்ட் ஆன அதே வாரத்துல அவரை பதவியில இருந்து தூக்கிட்டாங்க, அவருக்கு அப்ப 84 வயசு. மாணவர்கள் ரோட்டுல இறங்கி கலாட்டா பண்ணினாங்க, பாதிக்கப்பட்ட பசங்களுக்காக இல்ல, கோச்சுக்காக. உங்க பாராட்டு விழா பத்தி படிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டறேன்னா, சட்டப்படி குத்தவாளி இல்லங்கறதும் பதவியில தொடரலாம்ங்கறதும் ஒரே கேள்வின்னு உங்க கமிட்டி போட்டுக் குழப்புது. கோர்ட் பாக்கறது ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பலாமான்னு. பெத்தவங்க பாக்கறது எம்பிள்ளையை இவர் பொறுப்புல இருக்கற கிரவுண்டுக்கு நாளைக்குக் காலையில அனுப்பலாமான்னு. ரெண்டாவதுக்குப் பதில் சொல்ல தீர்ப்பு வர வேண்டியதில்ல, அவர் வாயாலயே சொல்லிட்டார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சங்கம் பேரு கெடும்ங்கறாங்களா? செகண்ட் மைல் இன்னிக்கு இல்லவே இல்ல, மூடியாச்சு, வெளிய சொன்னதால மூடல.

ஆக, ராஜினாமா பண்ண சொல்லலாமா? சொல்லலாம், சொல்லணும். ஆனா முதல் நாளே ராஜினாமா லெட்டரை நீட்டாதீங்க, அது அவருக்கு சுலபமான வழியா ஆயிடும், உடம்பு சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு சால்வை வாங்கிட்டு கௌரவத் தலைவர் ஆயிடுவார், அடுத்த வருஷம் அதே நாற்காலி பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டு உக்காருவார். நம்ம ஊர் சங்கங்கள் எப்படின்னு எனக்கும் தெரியும். முதல்ல அவர் ஒதுங்கணும், உடனே, கிரவுண்டு சாவி, செக் புக், பசங்க பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப் அட்மின் எல்லாத்தையும் விட்டுட்டு. அந்த ரெண்டு குடும்பத்துல யாருக்கும் அவர் போன் பண்ணக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூட கூடாது, கோர்ட்ல அது சாட்சியைக் கலைக்கிறதாத்தான் தெரியும். அப்புறம் அவருக்கு என்ன தெரியும், எப்ப தெரியும், யார்கிட்ட சொன்னார், எதுக்கு மாத்தி விட்டார்னு போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கணும். அதுக்கப்புறம் காரணத்தை மறைக்காம எழுதின ராஜினாமா, அது மினிட்ஸ் புக்ல ஏறணும்.

மினிட்ஸ் புக்குன்னதும் ஞாபகம் வருது. அந்த கமிட்டி மீட்டிங் மினிட்ஸ் எழுதியிருக்காங்களா, யார்கிட்ட இருக்கு? ரெண்டு வருஷம் முன்னாடி பேட்ச் மாத்தின சர்க்குலர், அட்டெண்டன்ஸ், கேம்ப் ரூம் லிஸ்ட், கோச்சை வேலைக்கு எடுத்த பேப்பர், வாட்ஸ்அப் மெசேஜ், இதுல ஒண்ணு காணாம போனாலும் ஆதாரத்தை அழிச்சதா தனி கேஸ் வரும். நகல் எடுத்து வெச்சுட்டு ஒரிஜினலை போலீஸ் கேட்டா குடுங்க.

துரோகமான்னு கேட்டீங்க. உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தவர், அதை நான் எப்படி இல்லன்னு சொல்றது. அதனாலதான் இதை மத்தவங்க யாரும் சொல்றதை விட நீங்களே போய் சொல்றது நல்லதுன்னு தோணுது, மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டு அசிங்கப்படுத்தாம, அவர் வீட்டுக்குப் போய், தனியா. நன்றியை சொல்லி ஆரம்பிங்க, அது நிஜம்தானே. அப்புறம் வளைச்சுப் பேசாதீங்க. "ஐயா, நான் ஸ்டேஷன்ல போய் எனக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுத்துட்டேன், உங்ககிட்ட மறைக்க விரும்பல. அந்தம்மா உங்களை நம்பித்தான் வந்தாங்க. நீங்களே ஒரு வக்கீலோட போய் நடந்ததை சொல்லிடுங்க, பொதுக்குழு வரைக்கும் பொறுப்புல இருந்து ஒதுங்கிக்குங்க"ன்னு இந்த அளவுல சொன்னா போதும். வரிசையை கவனிங்க, எழுதிக் குடுத்த பிறகுதான் அவர்கிட்ட போறீங்க. முன்னாடி போனா, ஒரு நாள் பொறுடா கண்ணுன்னு அவர் தோள்ல கை வெச்சா நீங்க நிக்க மாட்டீங்க, உங்க லெட்டர்லயே அது தெரியுது. அவர் அழலாம், கத்தலாம், நீயும்தான கேட்டுட்டு சும்மா இருந்தன்னு உங்களையே கேக்கலாம். ஆமாங்கய்யா, அதையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன்னு சொல்லுங்க.

உள்விசாரணைன்னு கமிட்டி ஒண்ணு போடும், தலைவர் சம்பந்தியும் பொருளாளரும் அதுல இருப்பாங்க, ஒத்துக்காதீங்க. சங்கத்துல ஒரு சம்பந்தமும் இல்லாத ஆளு வேணும், ரிட்டயர்டு ஜட்ஜோ வெளியூர் வக்கீலோ, குழந்தைகள் பாதுகாப்புல வேலை செஞ்சவங்களோ. அவங்க பசங்களை விசாரிக்கவே கூடாது, பெரியவங்களை மட்டும், யாருக்கு எப்ப என்ன தெரியும்ங்கறதை மட்டும். அறிக்கை பெத்தவங்களுக்குப் போகணும், பசங்க யாருன்னு கண்டுபிடிக்கிற மாதிரி பேரு, ஸ்கூலு, தெரு எதுவும் இல்லாம. வாட்ஸ்அப்லயும் அந்தப் பசங்க அடையாளம் சுத்தக்கூடாது, அதுக்கும் தண்டனை உண்டு.

பெத்தவங்க கூட்டத்தை பொதுக்குழுவுக்கு முன்னாடியே வைங்க. கேள்விப்பட்டு வர்றவங்க கோவமாத்தான் வருவாங்க, வரட்டும், பதில் சொல்ல ஒருத்தர் எந்திரிச்சு நிக்கணும், தலைவர் நிக்கலன்னா செயலாளர், அவரும் நிக்கலன்னா நீங்க. எங்களுக்கு முன்னாடியே ஒரு புகார் வந்தது, நாங்க போலீசுக்குச் சொல்லல, இப்ப சொல்லிட்டோம்னு அந்த மூணையும் நேரா சொல்லுங்க. வருந்துகிறோம்னு பொத்தாம்பொதுவா எழுதின நோட்டீஸ் எல்லாம் படிச்சுக் காட்டாதீங்க, எரிச்சல்தான் வரும். காலை பேட்ச்ல இருந்த பசங்க வீட்ல தனித்தனியா பேச ஒரு கவுன்சலர் வேணும்னா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல கேளுங்க.

இனிமே கோச்சுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன், கேம்ப்ல தனி ரூம்ல பையனோட ஒரு பெரியவர் மட்டும் இருக்கக்கூடாது, தனியா மெசேஜ் கூடாது, இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், பண்ணுங்க. 2020 போக்சோ விதிகள்லயே பசங்களோட வேலை செய்யற அமைப்புகளுக்கு வெரிஃபிகேஷன் பத்தியும் குழந்தை பாதுகாப்புக் கொள்கை பத்தியும் இருக்கு. நான் கூடுதலா ஒண்ணு கேக்கறது, புகார் தலைவர் வழியா போகாத மாதிரி ஒரு ஏற்பாடு. சங்கத்துல இல்லாத ரெண்டு பேரோட நம்பர், அதுல ஒருத்தராவது பொம்பளை, 1098 பக்கத்துலயே போர்டுல எழுதி வைங்க. உங்க ஊர்ல அந்தம்மாவுக்கு போறதுக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்துச்சு, அந்த வாசல்ல ஐயா உக்காந்திருந்தார்.

பாராட்டு விழாவை கேன்சல் பண்ண சொல்லுங்க, தள்ளி வைக்கிறதுன்னு இல்ல, கேன்சல். கமிட்டி ஒத்துக்கலன்னா பைலாவை எடுத்துப் பாருங்க, எத்தனை உறுப்பினர் கையெழுத்து போட்டா சிறப்புப் பொதுக்குழு கூட்டலாம்னு இருக்கும், அந்தக் கையெழுத்தை வாங்குங்க. சங்க விவகாரத்தை விசாரிக்க மாவட்டப் பதிவாளருக்கும் அதிகாரம் இருக்கு, மனு குடுக்கலாம். ஓட்டெடுப்புல நீங்க தோத்துப் போகவும் வாய்ப்பு இருக்கு, நிறைய தடவை அப்படித்தான் ஆகுது. தோத்தா, என்ன கேட்டீங்க, எந்தத் தேதியில கேட்டீங்க, யார் யார் எதிர்த்தாங்கன்னு மினிட்ஸ்ல ஏத்த சொல்லி கேளுங்க, ஏத்த மாட்டேன்னா நீங்களே எழுதி செயலாளருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, நகலையும் டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சியையும் பத்திரமா வெச்சுக்குங்க.